கால் எட்டும் வண்டி

சேலையூரில் பட்டறை வைத்த நாளிலிருந்து, பஞ்சருக்கும் ஆயில் மாற்றவும் வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் வருகிறவர்கள் கால் எட்டாதவர்கள். "அண்ணா, வண்டி ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஆனா கால் ஊன்ற முடியல. சீட்டைக் கொஞ்சம் வெட்டிக் குடுக்க முடியுமா?" என்பார்கள். கல்லூரிப் பெண்கள் கேட்பார்கள், இரவுப் பணிக்குப் போகும் செவிலியர்கள் கேட்பார்கள், கேம்ப் ரோட்டில் கடை வைத்திருக்கும் ஆண்களும் கேட்பார்கள். ஆண்கள் மட்டும், பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்துவார்கள். அது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர், ஆண்களுக்கு ஏறத்தாழ 165. ஐந்தடியும், ஐந்தடி ஐந்து அங்குலமும்தான். அந்தச் சராசரிக்குக் கீழே நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் இருக்கிறார்கள். இத்தனை பேருக்குக் கால் எட்டவில்லை என்றால் குறை கால்களில் இல்லை.

நான் தொழில் கற்றுக்கொள்ளச் சேர்ந்த காலத்தில் கிழக்குத் தாம்பரத்தில் ஓடிய வண்டிகள் வேறு. டிவிஎஸ் 50, லூனா, பஜாஜ் சேட்டக், எஸ்டி, புல்லட். 1980-களின் நடுவில் ஜப்பான் கம்பெனிகளோடு சேர்ந்து வந்த 100 சிசி வண்டிகள், அதாவது இந்த் சுசுகி, ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100, கவாசாகி பஜாஜ் எல்லாம், அப்போதுதான் கை மாறிப் பட்டறைகளுக்கு வர ஆரம்பித்திருந்தன. கிறிஸ்துவக் கல்லூரிப் பையன்கள் ஆர்எக்ஸில் வருவார்கள். விமானப்படை முகாமில் இருந்தவர்கள் புல்லட்டில் வருவார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் குள்ளமான மனிதர். ஆனால் தாம்பரத்தில் புல்லட்டைக் கையாள அவரை விட்டால் ஆள் கிடையாது என்பார்கள்.

அவர் புல்லட்டைச் சோதனை ஓட்டத்துக்கு எடுத்துப் போகும்போது நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். சிக்னலில் நிற்கும்போது இடது கால் பிரேக்கை மிதித்திருக்கும், வலது கால் தரைக்கு வரும். வாத்தியார் நிற்பதற்குப் பத்தடி முன்னாலேயே தரையைப் பார்த்துவிடுவார். பள்ளம் இருந்தால் தாண்டி நிறுத்துவார். வண்டி நிற்கப்போகிற நேரத்தில் இடுப்பை வலது பக்கம் ஒரு கை அகலம் நகர்த்தி, பாதம் முழுவதையும் ஊன்றிவிடுவார். இன்னொரு கால் தரைக்கு எட்டவே எட்டாது. அதைப் பற்றி அவர் நினைத்ததுகூட இல்லை. இரண்டு காலும் தட்டையாகப் பதிய வேண்டும் என்பது வண்டிக்குத் தேவையே இல்லாத ஒரு நிபந்தனை என்று நான் தெரிந்துகொண்டது அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான். என்னிடம் வருகிறவர்களுக்கு இதை முதலில் சொல்கிறேன். பாதி பேர் நம்புவதில்லை. ஓட்டிக் காட்டிய பிறகு நம்புகிறார்கள்.

கம்பெனி தரும் விவரத் தாளில் சீட் உயரம் என்று ஒரு எண் இருக்கும். இப்போது எல்லோரும் கைபேசியில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அது தரையிலிருந்து சீட்டின் தாழ்வான இடம் வரைக்குமான நேர் அளவு. நம் கால் நேராக இறங்குவதில்லை. சீட்டின் அகலத்தைச் சுற்றி, பக்கவாட்டு பேனலைத் தாண்டி, சாய்ந்துதான் இறங்குகிறது. காம்பஸை விரிக்க விரிக்க அதன் தலை கீழே இறங்குகிற மாதிரி, தொடை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு உயரம் நாம் இழக்கிறோம். அதனால் குறைந்த எண் உள்ள அகலமான சீட்டைவிட, கூடுதல் எண் உள்ள ஒடுக்கமான சீட்டில் கால் நன்றாக எட்டும்.

இதற்கு நம் தெருவிலேயே சாட்சி இருக்கிறது. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டியின் சீட் உயரம் 787 மில்லிமீட்டர். ஹோண்டா ஆக்டிவாவுக்கு 765-தான். எண்ணைப் பார்த்தால் எக்ஸ்எல்தான் உயரம். ஆனால் அகரம்தென், மாடம்பாக்கம் பக்கமிருந்து கீரைக் கட்டும் பால் கேனும் ஏற்றிக்கொண்டு எக்ஸ்எல்லில் வரும் பெரியவர்கள் ஒருவர்கூட என்னிடம் கால் எட்டவில்லை என்று சொன்னதில்லை. அதன் சீட் முன்பக்கம் ஒடுக்கம், நடுவில் அகலமான எதுவும் இல்லை, வண்டியும் 90 கிலோவுக்குள்தான். ஆக்டிவாவில் சீட்டும் அகலம், கால் வைக்கும் பலகையும் அகலம். கால் அந்தப் பலகையைச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும். ஐந்தடிக்குக் குறைவான பெண்கள் ஆக்டிவாவில் தடுமாறுவார்கள். அதே பெண்கள், ஆக்டிவாவை விட 3 மில்லிமீட்டர் கூடுதலாக 768 என்று எழுதியிருக்கும் ஸ்கூட்டி பெப் பிளஸில் சர்வ சாதாரணமாகப் போவார்கள். ஸ்கூட்டி ஒல்லி, எடையும் பத்துக் கிலோவுக்கு மேல் குறைவு.

1990-களின் நடுவில் ஸ்கூட்டி வந்ததுதான் எங்கள் பகுதிப் பெண்களைச் சாலைக்குக் கொண்டுவந்தது என்பேன். அதற்கு முன் பட்டறைக்கு வண்டியோடு வரும் பெண்களை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பிறகு 2018 பிப்ரவரியில் தமிழக அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு இரு சக்கர வாகன மானியத் திட்டத்தைத் தொடங்கியது. வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய். அந்தச் சமயத்தில் முதல்முறையாக வண்டி பிடித்த பெண்கள் நிறையப் பேர். மானியம் கிடைத்த சந்தோஷத்தில், உட்கார்ந்துகூடப் பார்க்காமல், தெரிந்தவர் சொன்ன வண்டியை எழுதிக்கொடுத்துவிட்டு, டெலிவரி எடுத்த பிறகு என்னிடம் வந்து நின்றவர்களும் உண்டு. பணம் கட்டும் முன்னால் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் வேறு வண்டி எடுத்திருப்பார்கள்.

உட்கார்ந்து பார்ப்பதற்கும் முன்னால் வீட்டில் ஒரு அளவு எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். சுவரில் முதுகை ஒட்டி, செருப்பில்லாமல் நின்று, தடிமனான ஒரு புத்தகத்தை இரண்டு தொடைக்கும் நடுவே நன்றாக மேலே ஏற்றிப் பிடித்து, அதன் மேல்விளிம்பு சுவரில் படும் இடத்தைக் குறிக்க வேண்டும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளதுதான் உங்கள் கால் நீளம். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு இந்த அளவு மாறும். உடம்பு நீண்டு கால் குட்டையாக இருப்பவர்கள் உண்டு, நேர்மாறாக இருப்பவர்களும் உண்டு. பொதுவாக ஐந்தடி உயரமுள்ளவருக்கு இது 70 சென்டிமீட்டரை ஒட்டி வரும். 790 மில்லிமீட்டர் சீட் என்றால் 79 சென்டிமீட்டர். பார்த்ததும் பயம் வரும். 9 சென்டிமீட்டர் பள்ளத்தை எப்படித் தாண்டுவது?

முதலில், 79 என்பது யாரும் உட்காராத வண்டியின் அளவு. ஏறி உட்கார்ந்ததும் பின்பக்க ஷாக் அப்சார்பர் இறங்கும், சீட் ஃபோமும் அமுங்கும். எவ்வளவு இறங்கும் என்பது ஸ்பிரிங் பலத்தையும் உங்கள் எடையையும் பொறுத்தது. குள்ளமானவர்களுக்கு இங்கே ஒரு அநியாயம் நடக்கிறது. அவர்கள் பெரும்பாலும் எடையும் குறைந்தவர்கள். 75, 80 கிலோ ஆளையும் பின்னால் இன்னொருவரையும் தாங்கும்படி போட்ட ஸ்பிரிங், 45 கிலோ பெண்ணுக்கு அசைந்தே கொடுக்காது. உயரமானவருக்கு இறங்கும் சீட் குள்ளமானவருக்கு இறங்குவதில்லை.

அதனால் யார் வந்தாலும் நான் முதலில் கை வைப்பது ஷாக்கில் இருக்கும் நாட்ச்சில். இரண்டு பக்கமும் ஷாக் உள்ள வண்டிகளில் கீழே ஒரு வளையம் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் ஐந்து படி. கொக்கி ஸ்பேனரால் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும் அல்லது தளரும். பள்ளி ஆசிரியை ஒருவர், இறந்துபோன அப்பாவின் பல்சர் 150 வண்டியை விற்க மனமில்லாமல் தானே ஓட்ட வேண்டும் என்று தள்ளிக்கொண்டு வந்தார். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போன வண்டி என்பதால் இரண்டு ஷாக்கும் கடைசிப் படியில் இறுக்கி இருந்தன. இரண்டையும் முதல் படிக்குக் கொண்டுவந்து, உட்காரச் சொன்னேன். நுனிவிரலில் நின்றவருக்கு முன்பாதம் பதிந்தது. காசு செலவில்லாத வேலை. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும், பின்னால் கனமான ஆள் ஏறினால் மறுபடி ஒரு படி ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, உட்காரும் விதம். நிற்கும்போது இடுப்பு சீட்டின் நடுவில் இருக்க வேண்டியதில்லை. இடது பக்கம் நகர்ந்து, இடது பாதத்தை முழுதாக ஊன்றி, வலது காலைப் பிரேக் பெடலிலேயே வைத்துக்கொண்டால், அந்த 9 சென்டிமீட்டரில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். வண்டி ஒரு விரல்கடை இடது பக்கம் சாயும், தொடை அந்த எடையை வாங்கிக்கொள்ளும். வலது கால் பிரேக்கில் இருப்பதால் மேட்டில் நின்றாலும் வண்டி பின்னால் உருளாது. தாம்பரம் மேம்பாலத்து ஏற்றத்தில் மாலை நெரிசலில் மாட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே இரண்டு காலையும் தொங்கப்போட்டு முன் பிரேக்கை மட்டும் பிடித்திருப்பவர், ஆக்சிலேட்டரைத் திருக முன் பிரேக்கை விட்டே ஆக வேண்டும். அந்த நொடியில்தான் வண்டி பின்வாங்கும், பதற்றம் வரும்.

நிறுத்தும் இடத்தைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நம் சாலைகள் மழைத் தண்ணீர் வழிய நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடப்பட்டவை. நாம் இடது பக்கம் போகிறோம், இடது காலை ஊன்றுகிறோம். அதாவது, தரை எந்தப் பக்கம் தாழ்வாக இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் காலை நீட்டுகிறோம். வேளச்சேரி சாலையில் புதிதாக ஒரு அடுக்கு தார் போட்ட பிறகு ஓரத்தில் நின்று பாருங்கள், தார் முடியும் விளிம்புக்கும் மண்ணுக்கும் ஒரு படி உயரம் வித்தியாசம் இருக்கும். கால் அந்த விளிம்புக்கு வெளியே போனால் ஆறடி ஆளும் விழுவார். பயத்தில் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நிற்பதுதான் குள்ளமானவர்களுக்கு ஆபத்து. ஓரத்திலிருந்து ஒரு ஆள் அகலம் உள்ளே, சமதளத்தில், மணல் இல்லாத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். கேம்ப் ரோடு சிக்னலில் நான் பழக்கிவிட்டவர்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தாலே எனக்கு அடையாளம் தெரியும்.

என் அனுபவத்தில் நின்ற இடத்தில் வண்டியைப் போட்டவர்களிடம் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால், கால் எட்டவில்லை என்பார்கள். கொஞ்சம் விசாரித்தால் வேறு கதை வரும். தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கும்போது குறுக்கே நாய் வந்திருக்கும், ஹேண்டில் திரும்பியிருந்த நிலையில் முன் பிரேக்கை இறுக்கப் பிடித்திருப்பார்கள். ஹேண்டில் திரும்பி இருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி திரும்பிய பக்கம் சடாரென்று சாயும். 180 கிலோ எடை சாய ஆரம்பித்த பிறகு, எட்டுகிற காலாலும் தாங்க முடியாது. நடை வேகத்துக்குக் கீழே பின் பிரேக்தான், நிற்கும் கணத்தில் ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் வாகனம் குறைவாக உள்ள உட்தெருவில் சில காலைகள் பழகிவிட்டால், சீட்டை வெட்ட வந்தவர்களில் கணிசமானவர்கள் வெட்டாமலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். எனக்கு வருமானம் போகிறது. போகட்டும்.

உயரம் குறைந்தவர்களுக்குக் கையும் அதற்கேற்பக் குட்டையாகத்தான் இருக்கும் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஹேண்டில் எட்டுவதற்காக அவர்கள் சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து, டாங்கை முட்டிக்கொண்டு உட்காருவார்கள். ஹேண்டில் பார் கிளாம்பைத் தளர்த்தி, பாரைக் கொஞ்சம் தன் பக்கம் சுழற்றி இறுக்கினால் போதும். கிளட்ச் கேபிளைச் சரிசெய்து, லிவரைக் கொஞ்சம் விட்டதுமே வண்டி நகரும்படி வைத்தால் சின்னக் கைகளுக்கு நிம்மதி. லிவரில் சிறிது தொய்வு கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச் தட்டு தேய்ந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கால் போதவில்லை என்றால்தான் கத்தியை எடுப்பேன்.

சீட் வேலையில் என் முதல் விதி, வண்டியோடு வந்த சீட்டில் கை வைக்கக் கூடாது. புதுப்பேட்டைக்குப் போனால் எந்த வண்டிக்கும் பழைய சீட் கிடைக்கும். பேஸ் உடையாத, பூட்டுக் கொக்கி சரியாக இருக்கும் சீட்டாகப் பார்த்து வாங்கி வரச் சொல்வேன். வெட்டுவது அதில்தான். நாளைக்கு வண்டியை விற்கும்போதோ, வீட்டில் உயரமான ஒருவர் ஓட்டும்போதோ பழைய சீட்டை மாட்டிக்கொள்ளலாம். ரெக்சின், உறை, மேல்வேலைச் சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை.

ஆளை உட்காரவைத்து, உட்காரும் எலும்பு படும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்வேன். பின்களைப் பிடுங்கி ரெக்சினைக் கழற்றிய பிறகு, எல்லோரும் நினைப்பதுபோல நடுவில் குழி தோண்டுவதில்லை. முதலில் வெட்டுவது தோள்களை, அதாவது சீட்டின் முன்பாதியில் இரண்டு பக்க விளிம்புகளையும். பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர் சரித்து எடுத்தால், மேலே குழி தோண்டாமலேயே கால் நல்ல அளவு இறங்கிவிடும். தொடை உராய்கிற இடம் அதுதான். போதாவிட்டால் மட்டும் மேல்தளத்தில் கை வைப்பேன், அதுவும் பேஸுக்கு மேல் இரண்டு விரற்கடை ஃபோமாவது மிஞ்சும்படி. அதற்கும் கீழே போனால் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் இடுப்பு வலிக்கும். குறைத்த இடத்தில் பழைய மென்மையான ஃபோமை எடுத்துவிட்டு, அடர்த்தியான ரீபாண்டட் ஃபோமை ஒரு அடுக்கு ஒட்டுவேன். மெல்லிய சீட்டுக்குக் கெட்டி ஃபோம்தான் தாங்கும். கிரைண்டரில் சொரசொரப்பான டிஸ்க்கைப் போட்டு மட்டம் செய்து, ரெக்சினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் போட வேண்டும். தையல் வழியாகத் தண்ணீர் இறங்கி ஃபோம் குடித்துவிட்டால், ஐப்பசி மழையில் நனைந்த சீட் தை மாதம் வரை ஈரமாகவே இருக்கும்.

முன்பக்கம் சரிவாகக் குழி வந்துவிடக் கூடாது. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஆள் டாங்கின் மேல் போய் மோதுவார். இதைச் சொல்லப் பெண்கள் கூச்சப்படுவார்கள், சொல்லாமல் வலியோடு ஓட்டுவார்கள். அதனால் நானே கேட்டுவிடுவேன், அல்லது என் மனைவியை விட்டுக் கேட்கச் சொல்வேன். பின்னால் உட்காருபவருக்கான பிடிமானம் எதையும் எடுக்க மாட்டேன். பிடிமானம், கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தைப் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி இருந்தே ஆக வேண்டும். அழகுக்காகச் சேலைக் கம்பியைக் கழற்றச் சொல்பவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஷாக்கையே குட்டையாக மாற்றச் சொல்லி வருபவர்களிடம் நான் பிடிவாதமாக மறுப்பேன். மோனோ ஷாக் வண்டிகளில் இணைப்புத் துண்டை நீளமாகப் போட்டால் பின்பக்கம் இறங்கும். முன் ஃபோர்க்கைக் கிளாம்பில் மேலே ஏற்றினால் முன்பக்கம் இறங்கும். செய்வது கடினமில்லை. ஆனால் பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருபவர் கண் கூசும், வண்டி திரும்ப மந்தப்படும். முன்பக்கம் அதிகம் இறங்கினால் பள்ளத்தில் டயர் மேலே இடிக்கும். சைடு ஸ்டாண்டு நீளம் அப்படியே இருப்பதால் வண்டி நிமிர்ந்து நிற்கும், லேசாகத் தட்டினாலும் மறுபக்கம் சாயும். இதெல்லாம் போக, நாம் இருப்பது தாம்பரம். இங்கே ஒவ்வொரு நகரிலும் குடியிருப்போர் தாமே கட்டிய வேகத்தடைகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் தண்ணீரும் நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமிருந்து வந்த வண்டிகளின் இன்ஜினைப் பிரித்தவன் நான். தரைக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு அங்குலமும் இந்த ஊரில் மதிப்புள்ளது.

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கம்பெனியே விற்கும் தாழ்ந்த சீட் இருந்தால் அதை வாங்குவதே மேல். ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 சாதாரணமாக 825 மில்லிமீட்டர், 845 வரை ஏற்றலாம். அதற்கே 805-க்கு இறங்கும் சீட்டைக் கம்பெனி தனியாக விற்கிறது.

இனி வண்டிகளைப் பற்றி என் தீர்ப்பு. குறைந்த சீட் வேண்டும் என்றதும் எல்லோரும் பஜாஜ் அவெஞ்சரைச் சொல்வார்கள். 737 மில்லிமீட்டர், உண்மையிலேயே யாருக்கும் கால் எட்டும். நெடுஞ்சாலைக்கு நல்ல வண்டி. ஆனால் நீளமானது, கால் முன்னால் நீண்டிருக்கும், 220 என்றால் 160 கிலோவுக்கு மேல். ராஜகீழ்ப்பாக்கத்துச் சந்தில் யு திருப்பம் போடும்போது ஹேண்டிலின் வெளிக்கை ஐந்தடி ஆளுக்கு எட்டாமல் தூரப் போய்விடும். ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350-க்கு 765, ஆனால் 191 கிலோ. கால் எட்டுகிறது என்ற தைரியத்தில் வாங்கி, வீட்டு வாசலில் சாய்வுப் பலகையில் ஏற்ற முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 805 மில்லிமீட்டரும் 195 கிலோவும் உள்ள கிளாசிக்கைவிட, 790-உம் 181 கிலோவும் உள்ள ஹண்டர் 350 நம் உயரத்துக்குப் பலமடங்கு இணக்கமானது. சீட் முன்பக்கம் ஒடுக்கம். சானடோரியம் பக்கம் மருத்துவமனையில் வேலை செய்யும் ஒரு செவிலியர், ஐந்தடி ஒரு அங்குலம் இருப்பார், ஹண்டரில்தான் இரவுப் பணிக்குப் போகிறார். சீட்டில் ஒரு பின்னைக்கூட நான் பிடுங்கவில்லை.

கியர் வண்டி முதல்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது எடை குறைந்த 100 சிசி வண்டி. ஹோண்டா ஷைன் 100 சீட் 786, எடை 99 கிலோ. ஸ்பிளெண்டர் 785, 112 கிலோ. இதே 785 பல்சர் 150-க்கும் உண்டு, ஆனால் அது 148 கிலோ. தாளில் ஒரே எண், கையில் 36 கிலோ வித்தியாசம். தடுமாறும்போது தொடை தாங்க வேண்டியது எண்ணை இல்லை, எடையை. சென்டர் ஸ்டாண்டு போடுவதும் அப்படித்தான். கையால் தூக்கப் பார்த்தால் முடியாது. ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொடும்படி வண்டியை நிமிர்த்தி, ஸ்டாண்டின் மிதியில் உடம்பின் முழு எடையையும் ஏற்றி நின்றால் வண்டி தானே பின்னால் ஏறிக்கொள்ளும். 45 கிலோ பெண்கள் 110 கிலோ வண்டியைப் போடுவதைத் தினமும் பார்க்கிறேன்.

ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டுப் போடப் பயந்து, கியர் வண்டி கற்றவர்களே ஸ்கூட்டரில் போய்த் தேர்வு கொடுக்கிறார்கள். கிடைக்கும் உரிமம் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் செல்லும். எட்டுப் போடும்போது கால் தரையில் படவே கூடாது என்பதால், உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அரை கிளட்ச்சும் பின் பிரேக்கும் தெரிந்த ஐந்தடிப் பெண், இவை தெரியாத ஆறடிப் பையனைவிட அழகாக எட்டுப் போடுவாள்.

ஷோரூம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். காட்சிக்கு நிறுத்தும் வண்டிகளில் ஒன்றையாவது ஸ்டாண்டிலிருந்து இறக்கி, வழுக்காத தரையில், ஒரு ஆள் பிடித்துக்கொள்ள, உட்கார்ந்து பார்க்க விடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தூக்கிய நிலையில் வண்டி உயரமாகவே இருக்கும், ஷாக்கும் இறங்காது. அதில் ஏறி உட்கார்ந்த குள்ளமான ஒருவர் தனக்கு இது முடியாது என்று முடிவு செய்துவிடுகிறார்.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஹீல்ஸ் வேண்டாம், புது ஷூவும் வேண்டாம், தினமும் போடும் செருப்பிலேயே போங்கள். சேலை கட்டி ஓட்டப்போகிறீர்கள் என்றால் சேலையோடு போங்கள். வண்டியைத் தரையில் இறக்கச் சொல்லி, இடது பக்கம் நகர்ந்து ஒரு காலை ஊன்றிப் பாருங்கள். இறங்கி, பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். சோதனை ஓட்டம் தராத கடையில் முன்பணம் கட்டாதீர்கள்.

"உனக்கெல்லாம் இந்த வண்டி ஒத்துவராதும்மா" என்று கடையிலோ வீட்டிலோ யாராவது சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள். ஷாக் நாட்ச் குறைக்கவும் ஹேண்டில் திருப்பவும் நான் காசு வாங்குவதில்லை.